பொங்கலன்று வந்த புயலும் எங்கள் மிளகுக் கோரிகளும்

2024ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் பொங்கல் பானை வாசலுக்கு வரவில்லை. அன்று ஜனவரி 15, திங்கட்கிழமை. பெலால் புயல் பக்கத்துத் தீவான ரியூனியனைத் தாக்கிவிட்டு மொரீஷியஸுக்குத் தெற்கே கடந்துகொண்டிருந்தது. போர்ட் லூயிஸில் தெருக்கள் ஆறாகி, நின்றிருந்த கார்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் இருப்பது தீவின் நடுமேட்டில், கியூர்பிப்பில். மேட்டுக்கு வெள்ளம் ஏறாது, காற்று ஏறும். சன்னல் பலகைகளை அடைத்துவிட்டு, அம்மா சமையலறைக்குள்ளேயே காஸ் அடுப்பில் பாலைப் பொங்கவைத்தார். மகன் மட்டும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினான். மாலை நாலு மணிக்கு மின்சாரம் போனது. கூடத்தில் இருந்த மீன் தொட்டியில் பில்டர் நின்றது, குமிழிகள் நின்றன.

அந்தத் தொட்டியில் அப்போது எட்டுக் கோரிடோராஸ் மீன்கள், சுருக்கமாகக் கோரிகள், இருந்தன. விரல் நீளம்கூட வராத, மீசை வைத்த, தென் அமெரிக்கக் கெளுத்திகள். அவற்றைப் பற்றி நீண்ட நாளாகவே எழுத நினைத்திருந்தேன். உலகம் முழுவதும் மீன் கடைகளில் இவற்றைத் ‘துப்புரவு மீன்’ என்று சொல்லி விற்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி நான் இவற்றுக்குச் செய்த கெடுதலையும், பிறகு இவை எனக்குக் காட்டியதையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2021இல் மகனுக்காக ஒரு தொட்டி வைத்தோம். கப்பி, நியான் டெட்ரா என்று வண்ண மீன்களாக எடுத்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் ஒரு மூலைத் தொட்டியைக் காட்டினார். “இதிலும் ஒன்றிரண்டு போட்டுக்கொள்ளுங்கள். கீழே விழுகிற மிச்சத்தையெல்லாம் தின்றுவிடும். தனியாகத் தீனி வேண்டியதில்லை.” தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலும் பெயர் இல்லை, ‘துப்புரவு மீன்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் இருந்தது. இரண்டு வாங்கினேன். தமிழ் எண்கள் அச்சிட்ட எங்கள் ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். (தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் அந்தத் தாளை வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். பூசை அறை, பாடப் புத்தகம் இரண்டையும் விட்டால் எங்கள் கையில் தினமும் புழங்குகிற தமிழ் அதுதான்.) வலையில் அள்ளியபோது ஒரு மீன் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் உதறினார், பிறகு கத்தரிக்கோலால் வலையை வெட்டினார். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் முள் உண்டு என்பதும், பயந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் என்பதும், மிகவும் கலவரப்பட்டால் உடம்பிலிருந்து நஞ்சு கசிந்து சிறிய பையில் தானே மடிந்துவிடக்கூடும் என்பதும் எனக்கு அன்று தெரியாது. இப்போதெல்லாம் வலையே எடுப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மெல்ல உள்ளே ஒதுக்கி எடுக்கிறேன்.

நாம் அறிந்த கெளுத்திக்குச் செதில் கிடையாது. தோல் வழுவழுவென்று இருக்கும். இது அப்படியல்ல. உடம்பின் இரு புறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கியிருக்கும். கோரிடோராஸ் என்ற பெயரிலேயே கிரேக்க மொழியின் தலைக்கவசமும் தோலும் இருக்கின்றன. 1803இல் பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட் வைத்த பெயர். நான் வாங்கிய வகை பாலியேட்டஸ். மங்கிய பித்தளையும் பாசியும் கலந்த நிறத்தில் கரும்புள்ளிகள். ஆங்கிலத்தில் மிளகு தூவிய கோரி என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மிளகுக் கோரி ஆகிவிட்டது. கண்ணை இமைப்பதுபோல ஒரு கணம் கீழே உருட்டி மேலே கொண்டுவரும். மீனுக்கு இமை இல்லை என்று தெரிந்த பிறகும் மகன், “பாட்டி, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது” என்றுதான் சொல்வான்.

மிளகுக் கோரியின் சொந்த ஊர் பரானா ஆற்றின் கீழ்ப்படுகையும் உருகுவே, தெற்கு பிரேசில் கரையோர ஆறுகளும். பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. ஆங்கில இயற்கையியலாளர் லெனர்ட் ஜெனின்ஸ் அதை விவரித்துப் பெயர் வைத்தது 1842இல். அந்தப் பயணத்தில் பீகிள் எங்கள் தீவுக்கும் வந்தது. 1836 ஏப்ரல் 29 முதல் மே 9 வரை டார்வின் இங்கே இருந்தார். போர்ட் லூயிஸுக்குப் பின்னால் நிற்கும் லெ பூஸ் மலையில் ஏறினார். பூஸ் என்றால் கட்டைவிரல். பள்ளிப் பிள்ளைகளோடு நானும் அந்தக் கட்டைவிரலில் பலமுறை ஏறியிருக்கிறேன். சேகரித்தவற்றை டார்வின் அவ்வப்போது பெட்டி பெட்டியாகக் கேம்பிரிட்ஜில் இருந்த தம் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு அனுப்பிவிடுவார், எனவே மீன் அப்போது கப்பலில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மீனை ஆற்றோரம் கையில் எடுத்தவர் எங்கள் மலையில் நடந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். 1870களிலேயே பாரீஸில் இதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்துவிட்டார்கள். வீட்டுத் தொட்டிக்கு வந்த மீன்களில் இது அவ்வளவு பழையது. 2024இல் ஆய்வாளர்கள் கோரிடோராஸ் என்ற பெரிய பேரினத்தைப் பல கிளைகளாகப் பிரித்தபோது, மிளகுக் கோரி ஹோப்லிசோமா பாலியேட்டம் ஆனது. ‘கவச உடலி’ என்று தமிழில் சொல்லலாம். கடைகளிலும் வீடுகளிலும் இன்னும் கோரிதான்.

என் தவறுக்கு வருகிறேன். தொட்டியின் அடியில் மணல் போட வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். தீவைச் சுற்றி மணல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் கடற்கரை மணல் பவளமும் சிப்பியும் அரைந்த சுண்ணாம்பு மணல். நன்னீர்த் தொட்டியில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். அதோடு, காயலிலிருந்து மணல் அள்ள 2001 முதல் தடை இருக்கிறது. வீடு கட்டுவதற்கு எரிமலைக் கருங்கல்லை உடைத்து அரைத்த மணலைத்தான் பயன்படுத்துகிறோம். அண்டை வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வாளி கேட்டு வாங்கி, ஏழு தண்ணீர் அலசிக் கொட்டினேன். கருமணல்மேல் மீன்கள் பளிச்சென்று தெரிந்தன. பார்க்க அழகாக இருந்தது.

உடைத்த கல்லின் மணல் ஒவ்வொன்றுக்கும் விளிம்பு இருக்கிறது. கோரி பகல் முழுவதும் மூக்கை மணலுக்குள் செலுத்தித் துழாவி, மணலை வாயில் எடுத்து, தின்னக்கூடியதை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியே விடுகிற மீன். நாலைந்து வாரங்களில் அதன் மீசை குட்டையானது, பிறகு கட்டை ஆனது. தேய்ந்த இடத்தில் அழுக்கிலுள்ள கிருமிகள் புகுந்து சிவந்துவிட்டிருந்தது. வயிறும் உள்வாங்கியிருந்தது. மேலே மிதக்கும் தீனியைக் கப்பிகள் ஒரு துணுக்கு விடாமல் முடித்துவிடுகின்றன. கீழே விழும் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னது கழிவுதான். கோரி கழிவைத் தின்னாது. புழு, சிற்றுயிர், பூச்சியின் இளம்பருவம் என்று தின்கிற பிராணி அது. தொட்டியின் தரையைக் கூட்டிக்கொண்டு அது பட்டினி கிடந்திருக்கிறது. நான் தினமும் அதைப் பார்த்து, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தமிழில் தேவாரம் பாடுவார், பேசுவது கிரியோலில்; அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “கடல் தாண்டிக் கொண்டுவந்ததைக் கூட்டிப் பெருக்கத்தான் என்று நீயும் நம்பிவிட்டாயா? நம் கொள்ளுப்பாட்டி இறங்கியபோது அவருக்கும் ஒரு எண் கொடுத்து, கரும்புக் காட்டுக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.” போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் என்ற படித்துறையின் பதினாறு படிகளை அம்மா இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஒரு மீனையும் ஒப்பந்தக் கூலிகளையும் ஒன்றாகப் பேசுவதா என்று முதலில் எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கு உறுத்தவில்லை. அவர் பேசியது மீனைப் பற்றியல்ல, சீட்டைப் பற்றி.

அந்த வாரமே கருமணலை அள்ளிக் கொட்டினேன். நீச்சல்குளத்துப் பில்டருக்குப் போடுகிற சிலிக்கா மணல் மூட்டையாகக் கிடைக்கிறது. மழமழவென்று, வெளிர் நிறத்தில் இருக்கும். அதை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். கோரி கூட்டமாக வாழ்வது, ஆறுக்குக் குறைந்தால் ஒளிந்தே கிடக்கும் என்று படித்தேன். இன்னும் ஏழு வாங்கினேன். இரவு விளக்கை அணைத்த பிறகு, அடியில் போய் உட்காரும் குறுந்தீனியும் வாரம் இரண்டு முறை உறைந்த இரத்தப்புழுவும் அவற்றுக்கென்றே போடத் தொடங்கினேன். வெந்நீர்க் கருவியைப் பிடுங்கிவிட்டேன். எல்லா மீனுக்கும் 27 டிகிரி என்று கடையில் சொல்வார்கள். மிளகுக் கோரிக்கு 18 முதல் 23 வரைதான் இதம். கரையோர ஊர்களின் கோடைக்கு இது வாடிவிடும். எங்கள் மேட்டுக் குளிருக்கு ஏற்றது. சூடு விரும்பும் டெட்ராக்களை ரோஸ் ஹில்லில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மாற்றினேன். மீசை தேய்ந்திருந்த பழைய கோரிக்கு ஓராண்டில் மீசை ஏறக்குறைய முழுதாக வளர்ந்துவிட்டது. கண்வரை மணலுக்குள் புதைத்து, செவுளின் இரு பக்கமும் மணல் புகைபோல வெளியேற, எட்டும் வரிசையாகத் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன்.

இதன் இன்னொரு பழக்கம் புதிதாக வளர்ப்பவர்களைப் பயமுறுத்தும். மணலில் கிடக்கிற மீன் திடீரென்று அம்புபோல மேலே பாய்ந்து, நீர்மட்டத்தில் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே வந்துவிடும். ஒன்று போனால் பின்னாலேயே இரண்டு மூன்று போகும். விழுங்கிய காற்று பின்குடலுக்குப் போகிறது. அங்கே மெல்லிய சுவரில் நெருக்கமாக ஓடும் இரத்த நாளங்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. செவுளோடு குடலும் மூச்சுவிடுகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது இந்தப் பாய்ச்சல் கூடும். ஆகவே தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடிவிடக் கூடாது, மேலே காற்றுக்கு இடம் வேண்டும். அடிக்கடி பாய்கிறது என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

அந்தப் புயல் இரவில் பாய்ச்சல் கூடியது. மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒன்றிரண்டாவது மேலே போய் வந்தது. கப்பிகள் நீர்மட்டத்தில் வாயை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. புயலைப் பார்த்துப் பழகிய ஊர் என்றாலும், தொட்டி வைத்த பிறகு நீண்ட மின்வெட்டு அதுதான் முதல் முறை. வானொலியில் கடற்காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பில்டர் பஞ்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே போட்டேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிக்கொடுக்கும் நுண்ணுயிரிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. மூடிய பில்டருக்குள் ஓட்டமில்லாமல் கிடந்தால் அவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். தீனியை நிறுத்தினேன். பிறகு தண்ணீரை அசைக்க வேண்டும். வீட்டில் செம்பு இருந்தது. தொட்டியில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவது, மணிக்கொரு முறை நூறு செம்பு. மகனும் நானும் முறை வைத்துக்கொண்டோம். விடியற்காலை முறையை அம்மா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காற்று தணிந்தது, மின்சாரம் வரவில்லை. கூரை இரவு முழுவதும் கழுவுண்டிருந்ததால் தாழ்வாரத்துப் பீப்பாயில் தெளிந்த மழைநீர் நிறைந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு மழைநீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். வெப்பமானி 25இலிருந்து 22க்கு இறங்கியது. என் எண்ணமெல்லாம் மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான்.

17ஆம் தேதி காலை சன்னல் பலகைகளைத் திறந்தபோது, முன்கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல முட்டைகள்.

கோரி வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான். காற்றழுத்தம் இறங்கும் நாளில், குளிர்ந்த மென்னீரை நிறைய மாற்றினால் இவை முட்டையிடும். ஆற்றுக்கு மழை வந்துவிட்டது என்ற செய்தி அது. அதற்காகவே வானிலை அறிக்கையைப் பார்த்துக் காத்திருந்து தண்ணீர் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதையும் திட்டமிடவில்லை. அழுத்தமும் குளிரும் மழைநீரும் இரண்டு நாளில் ஒன்றாக எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டன. தை என்றால் பனி என்று பாடப் புத்தகத்தில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே தை என்றால் கோடை, மழை, புயல். எங்கள் முன்னோர் கொண்டுவந்த மாதப் பெயர்களுக்கும் இந்த மண்ணின் பருவத்துக்கும் நாங்கள் இன்னும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெற்குப் பாதி உலகிலிருந்து வந்த இந்த மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முட்டையிடல் அப்போதும் முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேலிருந்து பார்த்தால் அகன்று தெரிகிற பெரிய மீன் பெண். இரண்டு மூன்று ஆண்கள் அதன் பின்னால். ஓர் ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் அடிவயிற்றில் வாயைப் பொருத்தியது. ஆங்கில எழுத்து டி போன்ற நிலை. சில நொடிகள் இரண்டும் நடுங்கின. அதற்குள் பெண் தன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டையும் கைகூப்பியதுபோலச் சேர்த்துப் பை செய்து, அதில் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்தியிருந்தது. விலகி, கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் துடைத்து, அங்கே வயிற்றை அழுத்தி முட்டைகளை ஒட்டியது. இதே குடும்பத்து வெண்கலக் கோரியைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர் கோடாவும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் எழுதியிருக்கிறார்கள்: பெண் விந்தை விழுங்குகிறது, அது செரிக்காமல் குடல் வழியே சில நொடிகளில் கடந்து, துடுப்புப் பையில் காத்திருக்கும் முட்டைகளிடம் வந்து சேர்கிறது. மூச்சுக்கும் குடல், பேற்றுக்கும் குடல். இதைத்தான் நாம் மிச்சம் தின்னும் மீன் என்கிறோம்.

பெற்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிடும். எனவே ஒவ்வொன்றாக விரலால் உருட்டி எடுத்து, சிறிய கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினோம். நல்ல முட்டை விரலுக்கு அசராது. மகன் எண்ணினான்: 83. பூஞ்சை பிடிக்காமலிருக்க உலர்ந்த நாட்டுவாதுமை இலை இரண்டைப் போட்டேன். இங்கே பதாமியே என்று சொல்கிற மரம். கடற்கரையெங்கும் சிவந்த இலை உதிர்ந்து கிடக்கும். அதன் கஷாய நிறம் தண்ணீரில் இறங்கினால் பூஞ்சை மட்டுப்படும். வெளுத்துப்போன முட்டைகளை அன்றன்றே எடுத்தேன். 17ஆம் தேதி பிற்பகல் மின்சாரம் வந்துவிட்டது. காற்றுக்குழாயை மெல்லக் குமிழிவிடவைத்தேன்.

21ஆம் தேதி இரவு முதல் குஞ்சு. மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்பார்கள். கோரிக் குஞ்சு முதல் இரண்டு நாள் நீந்துவதே இல்லை. வயிற்றில் கட்டியிருக்கும் கருவுணவைக் கரைத்துக்கொண்டு தரையில் ஒட்டிக் கிடக்கிறது. கண்ணிமை மயிர் அளவுதான் உடம்பு. அதற்குள்ளேயே மீசை இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. கொடியேறியதிலிருந்து வீட்டில் காரேம்; எங்கள் பேச்சில் விரதத்துக்கு அதுதான் பெயர். மகன் முதல் முறையாகக் காவடி எடுக்கிறான். வீட்டுக்குள் மீன், முட்டை, இறைச்சி எதுவும் வராது. குஞ்சுகளுக்கோ கருவுணவு தீர்ந்தால் உயிருள்ள தீனி வேண்டும். உப்புத் தண்ணீரில் ஒரு நாளில் பொரிக்கிற ஆர்ட்டீமியாதான் வழி. ஊசி முனையளவுச் சிற்றிறால். பூசை அறைக்குப் பக்கத்தில் இறால் பொரிக்க எனக்குக் கை வரவில்லை. 22ஆம் தேதி இரவு, தங்கை வீட்டில் வைத்துப் பொரித்து எடுத்துவரலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார், “எதற்கு அவ்வளவு தூரம்?”

“காரேம் அல்லவா, அம்மா?”

“விரதம் நமக்கு. பிள்ளைக்கு ஏது விரதம்?” பாட்டிலை அவரே கழுவிக் கொண்டுவந்தார். உப்பையும் அவரே கரைத்தார்.

24ஆம் தேதி காலை, செம்பழுப்பு நிறத்தில் துடித்துக்கொண்டிருந்த அந்தத் தூசியை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிச் சொட்டுச் சொட்டாக விட்டோம். அரை மணி நேரத்தில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரிந்தது. மறுநாள் மகன் பூவும் எலுமிச்சையும் தொங்கும் காவடியோடு வெயிலில் கோயிலுக்கு நடந்தான். வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தவன், வேட்டியைக்கூட மாற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

83இல் 41 பொரித்தன; 23 வளர்ந்தன. ஐந்து மாதத்தில் ஓர் அங்குலம். பத்தை வைத்துக்கொண்டு மீதியை நான் முதலில் வாங்கிய அதே கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதிசயமாகப் பார்த்தார், இங்கேயே பிறந்ததா என்று இரண்டு முறை கேட்டார். பணம் வேண்டாம் என்றேன். தொட்டிச் சீட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் மகனிடம் நீட்டினார். அவன் பிரெஞ்சில் எழுதினான்: மிளகுக் கோரி. ஆறுக்குக் குறையாமல் வாங்கவும். மழமழப்பான மணல் வேண்டும். வெந்நீர்க் கருவி வேண்டாம். இரவில் தனித் தீனி போடவும்.

அட்டையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் கண்ணடிக்கும் என்று எழுதினான்.